பாண் போறணையில் வெந்த சட்டம்

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் சுதாகரன் மழையில் மலைச்சரிவில் விழுந்த நாளிலிருந்து அவனுக்கு வலது பாதம் தூக்க வராது. சப்பாத்தோடு சேர்த்துக் கட்டும் தாங்கிதான் அவனை நடக்க வைத்தது. வெள்ளிக்கிழமை அதன் பக்கச் சட்டம் முறிந்தது. புதுத் தாங்கிக்குக் கிளினிக்கில் கொடுத்த தேதி ஏழு வாரம் தள்ளி.

"திங்கக்கிழம காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு நிக்கலேன்னா பேரை வெட்டிருவாங்க ஜீவா. குடியிருக்கிற காம்பராவும் போயிரும்."

அவன் மனைவி ஜீவராணி முறிந்த சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கொழும்புப் பக்கம் அலுமினியத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் உலை பார்த்தவள் அவள். இப்போது ஹட்டனில் ஒரு லேத் பட்டறையில் வேலை.

சனிக்கிழமை பட்டறைக் கழிவில் ஒரு பழைய இயந்திரத் துண்டு கிடைத்தது. துத்தநாகமும் செம்பும் கூடின அலுமினியக் கலவை. பலம் அதிகம், சூட்டில் வளைப்பது கஷ்டம். தெரிந்தும் கரி அடுப்பில் வைத்தாள். சூடு மிஞ்சிவிட்டது. முதல் அடியிலேயே பொலபொலவென்று உதிர்ந்தது. மீதித் துண்டைச் சூடு குறைத்து அடித்தாள். ஓரமெல்லாம் வெடித்தது.

மிச்சம் இருந்தது படிக்கட்டுக் கைப்பிடிச் சட்டத் துண்டு ஒன்றுதான். மக்னீசியமும் சிலிக்கனும் கொஞ்சமாய்க் கலந்த அலுமினியம். சூட்டின் அளவு தெரிய மேலே சவர்க்காரம் தடவி, அது கறுக்கும்வரை சுட்டாள். அடித்த பக்கமெல்லாம் வளைந்து கொடுத்தது. ஆறியபின் கையால் அழுத்திப் பார்த்தாள். கையோடு வளைந்தது. ஜீவராணி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இன்னும் கூடுதலாய்ச் சுட்டுத் தண்ணீரில் போட வேண்டும். பிறகு அரை நாள் மிதமான சூட்டில் கிடந்தால்தான் இறுகும். அரை நாள் சீரான சூட்டுக்கு எங்கே போவது?

ஞாயிறு காலை, தண்ணீரில் தோய்த்த சட்டத்தோடு, விறகடுப்புப் போறணையில் பாண் சுடும் பேக்கரிக்கார வீரய்யாவிடம் போனாள்.

"பாண் எடுத்தப்புறம் போறணை எவ்வளவு நேரம் சூடா இருக்கும்ணே?"

"பொழுது சாயுற வரைக்கும். ஏம்மா?"

"இதை உள்ள வைக்கணும்ணே. அவரு நடக்கணும்."

வீரய்யா சட்டத்தைப் பார்த்தார், அவளது கொப்புளம் போட்ட விரல்களைப் பார்த்தார். போறணைக் கதவைத் திறந்துவிட்டார்.

திங்கட்கிழமை சுதாகரன் பெரட்டில் நின்றான். தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு அவன் காலைப் பார்த்துவிட்டுப் பேரை எழுதினார். தூரத்தில் நின்ற ஜீவராணி அதைப் பார்த்தபின்பே ஹட்டன் பஸ்ஸுக்கு நடந்தாள்.

வியாழக்கிழமை சட்டம் லேசாக வளைந்திருந்தது. கிளினிக் தேதிக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அன்றைக்கே அவள் ஹட்டன் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாக ஏறி, கழற்றிப்போட்ட அலுமினியக் கைப்பிடிச் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள்.