மாடியறைக்கு இன்னொரு தடவை

விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுப்பதுதான் அவள் தொழில். தரகர்கள் அவளைப் 'போட்டோ மேடம்' என்றார்கள். வீட்டில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் பாப்பா. நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் என்ன பாப்பா என்று சொல்லிப் பார்த்துவிட்டாள். "தலை நரைக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்பாள் அண்ணி. முதல் நரை எட்டிப் பார்த்த பிறகும் பாப்பாதான்.

கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் தானாகவே அடங்கிப்போயிருந்தது. அவளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளும் யாரையும் தட்டிக் கழிக்கவில்லை. வாதம் வந்து அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அம்மா போன பிறகு, தள்ளிப்போட ஒன்றும் மிச்சமில்லை.

வீட்டைப் படம் எடுப்பது பார்க்கத்தான் சுலபம். உள்ளே இருட்டு, ஜன்னலில் வெயில். அறை தெளிவாக விழுந்தால் ஜன்னல் சலவைத் துணி மாதிரி வெளுத்துவிடும். ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தால் அறை குகையாகிவிடும். அதனால் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று, இன்னும் வெளிச்சமாக ஒன்று என்று வரிசையாக எடுப்பாள். சாயங்காலம் அண்ணி அவற்றை அறைவாரியாகப் பிரித்துக் கொடுக்க, இவள் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பாள். அறையும் தெரியும், மரமும் தெரியும்.

ஆனால் நடுவில் கேமரா மயிரிழை அசைந்தாலும் போச்சு, நாற்காலிக்கு எட்டுக் கால் முளைத்துவிடும். விரல் பட்டாலே அசையும் என்பதால் தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட் கருவி வாங்கியிருந்தாள். அதிலிருந்து ஒரு வயர் கேமராவுக்குப் போகும். போனில் அழுத்தினால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். பலகைத் தளம் போட்ட மாடியறை என்றால் நடந்தாலே ஆடும். அங்கெல்லாம் அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துதான் அழுத்துவாள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது, தோளில் ஏணியோடு ஒருவன் அவளைத் தாண்டி மேலே போனான்.

"ஐயோ, நில்லுங்க! ஆடாதீங்க!"

ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுவிட்டான். மேலே கேமரா நிதானமாகச் சொடுக்கிக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும், "இப்ப காலைக் கீழ வைக்கலாம்" என்றாள்.

"ம... மன்னிச்சுக்கோங்க. பல்பு மா..."

"பல்பு மாத்த வந்திருக்கார் மேடம், நான்தான் வரச் சொன்னேன்!" என்று கீழேயிருந்து தரகர் முடித்து வைத்தார். "பாதி மஞ்சள், பாதி வெள்ளைன்னு போன தடவை திட்டினீங்களே!"

எலக்ட்ரீஷியன் மிச்ச வார்த்தையை விழுங்கிவிட்டு ஏணியை விரித்தான்.

தரகர் அவர்கள் இருவரையும் அடிக்கடி ஒரே வீட்டுக்கு அனுப்பினார். ஒருமுறை ரிமோட்டின் வயர் அறுந்து அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவன் வாங்கி, தோலைச் சீவி, பற்றவைத்து, புதுசு மாதிரி ஆக்கித் தந்தான். அன்றிலிருந்து, அவள் மேல்படியில் உட்கார்ந்தால் அவன் நாலு படி தள்ளிக் கீழே உட்கார்ந்தான். தளம் ஆடக் கூடாது என்பது நல்ல சாக்கு.

போனைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்பாள். முதுகைக் காட்டிக்கொண்டே அவன் பேசுவான். வார்த்தை சிக்கிக்கொண்டால் அது வரும்வரை சும்மா இருப்பாள். எடுத்துக் கொடுக்க மாட்டாள். அம்மாவின் கடைசி வருடங்களில் பேச்சு குழறிப்போய், ஒரு வாய்த் தண்ணீர் கேட்கவே அம்மாவுக்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நாமே சொல்லிவிட்டால் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்போது வந்த பழக்கம் இது.

"ஷாக் அடிச்சா மட்டும் எனக்குத் தி... திக்காது மேடம்" என்றான் ஒருநாள். "ஒரே மூச்சுல கத்திடுவேன்."

அவள் சிரித்த சிரிப்பில் படிக்கட்டு அதிர்ந்து, அந்த வரிசைப் படம் முழுவதும் வீணாகிப்போனது.

அக்கா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறான் என்பதும், போன் அடித்தால் எடுக்கப் பயப்படுவான் என்பதும், பெண் பார்க்கப் போன இடத்தில் தன் பேரைச் சொல்வதற்குள் காபி ஆறிப்போனதால் அதன்பிறகு எங்கும் போகவில்லை என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் தெரிந்தன.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. ஒரு காலி வீடு; மாடியறையில் ஒற்றைக் கட்டிலும் பெரிய ஜன்னலும். அவள் அழுத்திவிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவன் முதுகைக் காட்டவில்லை. திரும்பி அவளைப் பார்த்தான்.

"உங்ககிட்ட ஒ... ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"என்னை... நீங்க... க... க..."

மேலே கடைசிச் சொடுக்கு விழுந்தது. வரிசை முடிந்தது என்று போன் காட்டியது.

"மேடம், முடிஞ்சுதா? அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு!" தரகர் கீழே சாவிக்கொத்தைக் குலுக்கினார்.

அவன் காதுமடல் சிவந்துவிட்டது. கை ஏணியைத் தேடியது. முடிந்தது என்று தரகருக்கு ஒரு வார்த்தை சொன்னால் அவன் எழுந்து போய்விடுவான், மறுபடி இந்தத் துணிச்சல் அவனுக்கு எந்த ஜென்மத்தில் வருமோ.

"இன்னும் இல்ல சார்!" என்று குரல் கொடுத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். கேமரா முதலிலிருந்து தொடங்கியது. அதுவும் முடிந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"ஒரு ரூமுக்கா மேடம் இவ்வளவு நேரம்?"

"வெயில் மாறிக்கிட்டே இருக்கு சார்!"

வெயில் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. அவன் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டான்.

"என்னைக் க... கட்டிக்கச் சம்மதமா?"

முதல் எழுத்திலேயே அவளுக்குக் கேள்வி தெரிந்துவிட்டது. பதிலும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. இப்போது அவன் காத்திருந்தான். "அவசரமில்ல" என்று மட்டும் சொன்னான், திக்காமல்.

"சம்மதம்" என்றாள் கடைசியில். அவள் காதுக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

சாயங்காலம் அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏண்டி பாப்பா, ஒரே கட்டிலை எதுக்கு இத்தனை தடவை எடுத்திருக்க?"

"வெயில் மாறிச்சு அண்ணி."

"எங்க மாறிச்சு? நிழல் ஒரு இஞ்ச் நகரல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. யாரு?"

சொன்னாள். திக்குவார் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

"திக்கினா என்ன? உங்க அண்ணன் திக்காமப் பேசி என்னத்தைக் கிழிச்சுட்டார்?" என்று சிரிக்க ஆரம்பித்த அண்ணி, பாதியில் அழுதுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அந்தக் கட்டில் படங்களை இன்னொரு முறை முதலிலிருந்து பார்த்தாள்.

அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கோபக்காரரா?"

"இல்லண்ணா."

"அப்போ சரி." எழுந்து கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பதிவு அலுவலகத்தில் மணமக்கள் இருவரும் சம்மதத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவன் சிரமப்படுவதைப் பார்த்த அதிகாரி, "தலையை ஆட்டினாப் போதும் தம்பி" என்றார் நல்ல மனத்தோடு.

"சொ... சொல்லிடறேன் சார்."

பின்னால் காத்திருந்த கூட்டத்தில் யாரோ அலுப்போடு உச்சுக்கொட்டினார்கள். அண்ணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதன்பிறகு அந்த அறையில் மின்விசிறிகூட அடக்கித்தான் ஓடியது. அவன் முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தான். அதிகாரி அதுவரை பேனாவின் மூடியைத் திறக்காமல் இருந்தார்.

இப்போது அவர்கள் வாடகைக்கு இரண்டு அறைகளில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வருவாள். பாப்பா இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, இருக்கிற ஒரே கட்டிலில் படுத்துத் தூங்கிப்போவாள். இவர்கள் இருவரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, அவள் எழுந்துவிடாதபடி தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அவன்தான் பேசுவான்.