குணாளனின் முட்டி வலி

குணாளன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லோரி டிரைவர். ஆள் நல்லவன், முட்டி மட்டும்தான் மோசம். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போகக்கூட மோட்டார் சைக்கிளை எடுப்பான். முன்பு லோரி கவிழ்ந்து கால் உடைந்தபோது, அவன் எழுந்து நடந்தால் காவடி எடுப்பான் என்று அவன் மனைவி சுபத்ரா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். நடந்துவிட்டான். ஆனால் ஒவ்வொரு தைப்பூசம் நெருங்கும்போதும், "முட்டி விடமாட்டேங்குது லா" என்பான். அவனுக்காக அவள் பால்குடம் எடுப்பாள். நம்ம குணாளன் துரையோ பக்கத்தில் குடை மட்டும் பிடிப்பார். காவடி விரதமென்றால் கோழி கிடையாதே, அதுதான் வியாதி என்று எங்களுக்குத் தெரியாதா!

இந்த வருடம் தைப்பூசத்துக்கு முன்னால், நாங்கள் சில பேர் பிரிஞ்சாங் டவுனுக்கு மேலே உள்ள காட்டுமலையில் ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கக் கிளம்பினோம். "நான் அடிவாரத்துல சமைச்சுக்கிட்டுச் சும்மா இருப்பேன்" என்று சுபத்ராவிடம் சொல்லிவிட்டு அவனும் ஒட்டிக்கொண்டான்.

அடிவாரத்தில் உட்காருகிற ஆளா அவன்? சேறு, வேர், அட்டை எதையும் சட்டை செய்யாமல் எங்களுக்கு முன்னால் ஏறினான். உச்சியில் பனி விலகி, எங்கள் தோட்டம் கீழே குட்டியாகத் தெரிந்தது. "அடேயப்பா!" என்று குதித்தான். போனில் லைன் கிடைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? வீட்டுக்கு வீடியோ கால் போட்டான்.

"சுபத்ரா! உச்சிக்கே வந்துட்டேன், பாரு!"

"நீங்களா? முட்டி?"

"முட்டியா? அது கல்லு மாதிரி இருக்கு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இறங்கும்போது படுபாவி நொண்ட வேறு தொடங்கினான்.

"யாருக்குடா இந்த நாடகம்?" என்றேன்.

வீட்டில் செம திட்டு விழும், பார்க்கலாம் என்று நானும் கூடவே போனேன். அடுப்பில் அவனுக்கென்று கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சுபத்ரா திட்டவில்லை. குனிந்து அவன் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நெசமாவே வலிக்கலையா?"

"இல்ல."

"வேண்டுதல் பாக்கி நிக்கறதாலதான் சாமி உங்க கால விடமாட்டேங்குதுன்னு, இத்தன வருசமா பயந்துக்கிட்டே கெடந்தேங்க" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. குணாளன் குழம்புச் சட்டியை இறக்கி என் முன்னால் வைத்தான்.

"நீயே தின்னுடா. நான் பூசாரியப் பாத்துட்டு வரேன்."

வாசலில் நின்ற மோட்டாரைத் தொடாமல், கோயிலுக்கு நடந்தே போனான்.