பச்சைக் குறிப்புகளை அழித்துவிட்டார்கள்

ஸ்டெல்லா, நான் பிழைக்க மாட்டேன் என்று நீ முடிவு செய்துவிட்டாய். அதனால்தான் என் குறிப்புகளை அழித்தாய்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்டெல்லா எங்கள் அன்பியத்தில் (பங்குக் கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழு) பைபிள் வகுப்பு நடத்துகிறவள். என் பெயர் பிலோமினா, வயது ஐம்பத்து மூன்று. வீடு மந்தைவெளியில். வேலை ஆழ்வார்பேட்டையில், ஒரு பள்ளியின் ஆய்வகத்தில். எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கீமோ ஏற்றிக்கொள்ளப் போகிறவர்களுக்கும் கூடப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் தெரிந்தது பஸ்ஸில். கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன், இடது அக்குளுக்குக் கீழே ஏதோ இழுத்தது. வீட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலிக்காததால் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். அது என் தப்பு. நீங்கள் அப்படி இருக்காதீர்கள்.

அடையாறில் பயாப்ஸி (ஊசியால் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதிப்பது) செய்தார்கள். "ரெண்டாவது ஸ்டேஜ்மா. குணப்படுத்தலாம். முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன்" என்றார் டாக்டர். என் கணவர் அருள் பிளம்பர். வெளியே வந்ததும், "முடி கொட்டிடுமாமே. சரி வுடு, ஷாம்பு மிச்சம்" என்றார். நடைபாதையிலேயே அவர் முதுகில் ஒன்று வைத்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.

அப்போது எங்கள் வகுப்பு ஒரு டிஜிட்டல் நூலகத்தில் சேர்ந்திருந்தது. மொழிபெயர்ப்புகள், விளக்கவுரைகள், அகராதி, வாசித்துக் காட்டும் குரல் எல்லாமே கைப்பேசிக்குள். ஒரு பதிவில் ஐந்து கைப்பேசிகளைச் சேர்க்கலாம். நாங்கள் ஐந்து பேர் ஒரே பதிவில் சேர்ந்தோம். ஒருவர் எழுதும் குறிப்பு எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஆளுக்கொரு நிறம் வைத்துக்கொண்டோம். எனக்குப் பச்சை.

வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பேன். ஞாயிறு வகுப்புக்கான பாதிப் பாடம் மந்தைவெளிக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் நடுவில்தான் முடியும். கீமோ நாற்காலியில் அது இன்னும் உதவியது. கையில் ஊசி இருக்கும்போது கனமான புத்தகத்தைப் பிடிக்க முடியாது. எழுத்தைப் பார்த்தால் குமட்டும். காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன்.

கீமோவில் மறதி வரும். எனக்கு வந்தது. தினமும் திறக்கிற இடம் அது ஒன்றுதான் என்பதால், உடம்புக்கு வந்ததையும் அங்கேயே எழுத ஆரம்பித்தேன். அன்றைய திருப்பாடலுக்குக் கீழே பச்சையில்: வாய்ப்புண். நான்கு முறை பேதி. காய்ச்சல் நூறு.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் ஏறியது. பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். அங்கே ஓர் ஆன்டிபயாடிக் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டார்கள். ஐந்து நிமிடத்தில் உதடு வீங்கித் தொண்டை அடைத்தது. மாற்று ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். "இந்த மருந்து உங்களுக்கு ஆகாதும்மா. எங்க போனாலும் மொதல்ல இதச் சொல்லணும்" என்று அந்த டாக்டர் ஒரு சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தார். அதைப் பச்சையில் எழுதிக்கொண்டேன். சீட்டைத் தொலைத்துவிட்டேன். அடுத்த கீமோவுக்குப் போனபோது காய்ச்சல் வந்ததைச் சொன்னேன், ஊசியைச் சொல்ல மறந்துவிட்டேன். அதுவும் என் தப்புதான்.

மூன்றாவது கீமோ முடிந்த ஒன்பதாம் நாள், ஞாயிறு காலை, உடம்பு தூக்கிப் போட்டது. அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டியூட்டி டாக்டர் வேகமாக வந்தார். சின்ன வயதுப் பெண். நியூட்ரோபீனியா (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துபோவது) என்றார்.

"ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாடிக் போட்டாகணும். எதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?"

"ஒண்ணு ஆகாது டாக்டர். பேரு போன்ல இருக்கு."

திறந்தேன். இந்தக் கைப்பேசி பதிவிலிருந்து நீக்கப்பட்டது என்று வந்தது. மறுபடி திறந்தேன். அதேதான்.

அருள் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்டெல்லா, பிலோ போன்ல அந்த பைபிள் ஆப்பு தொறக்கல. இன்னாம்மா ஆச்சு?"

"அண்ணே, அது... நேத்துதான் அக்காவ எடுத்துட்டு, புதுசா வந்த மேரிய சேத்தோம். அஞ்சு போனுக்கு மேல சேராது. அக்கா இப்ப எங்க படிக்கப் போறாங்கன்னு..."

"சரி வுடு. உன் போன்ல பச்சையில ஒரு ஊசி பேரு எழுதிக்கீதான்னு பாரு. சீக்கிரம்."

"பச்சைய மேரிக்குக் குடுத்துட்டோம்ணே. பழசெல்லாம் அழிச்சுட்டேன். ஜுரம், பேதின்னு பைபிள் பக்கத்துல எழுதி வெச்சிருந்தாங்க. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு..."

"ஒரு மாதிரி இருந்துச்சா? இங்க அவ ஜுரத்துல தூக்கித் தூக்கிப் போட்டுக்கினு கீறா!"

அருள் போனை அணைத்துவிட்டு நர்சிங் ஹோமுக்கு ஓடினார்.

டாக்டர் காத்திருக்கவில்லை. காத்திருக்கவும் முடியாது. வழக்கமாகப் போடுவதை விட்டுவிட்டு, வேறு வகை மருந்தை மெதுவாக ஏற்றச் சொன்னார். ஒரு நர்ஸ் மாற்று ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொரு சொட்டுக்கும் நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தேன். வீங்குகிறதா? தொண்டை அடைக்கிறதா? எச்சில் விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். ஜெபம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அருள் போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை, அங்கே டாக்டர் இல்லை. ஒரு நர்ஸைக் கெஞ்சிப் பழைய பதிவேட்டை எடுக்க வைத்திருக்கிறார். மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். டியூட்டி டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் மொதல்ல போட இருந்தது இதுதாம்மா."

ஆறு நாள் வார்டில் இருந்தேன். பிறகு மீதிக் கீமோ, அறுவை, ரேடியேஷன் (கதிர் பாய்ச்சிப் புற்றுநோய் செல்களை அழிப்பது) எல்லாம் முடிந்தது.

ஸ்டெல்லா ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தாள். "வேணும்னு செய்யலக்கா. வெளிய சொல்லாதீங்க, அன்பியத்துக்கே கெட்ட பேரு" என்றாள். பங்குத்தந்தையும் மன்னித்துவிடச் சொன்னார். "மன்னிக்கிறது என் வேலை ஃபாதர், அத நான் பாத்துக்கறேன். பதில் சொல்றது அவ வேலை" என்றேன்.

கீமோவுக்குப் போகிறவர்களே, உங்களுக்கு ஆகாத மருந்தின் பெயரைத் தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் ஒரு தாள் இருக்கட்டும். நாலு பேர் கை வைக்கிற இடத்தில் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன்.

இப்போது என் விரல் நுனிகள் மரத்துவிட்டன. நரம்பு பாதிப்பு, சரியாக நாளாகும் என்கிறார்கள். எதையாவது தொட்டால், தொட்டேனா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இருமல் வந்தால் நுரையீரலோ என்று நினைக்கிறேன். முதுகு பிடித்தால் எலும்போ என்று நினைக்கிறேன். ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரை மூன்று மாதம். அதற்கு மேல் எனக்கு நாட்காட்டி கிடையாது. கிறிஸ்துமஸுக்கு என்ன புடவை எடுக்கலாம் என்று அருள் கேட்டால், ஸ்கேன் முடியட்டும் என்கிறேன்.

ஆனால் இருக்கிறேன். அதனால் கேட்கிறேன், ஸ்டெல்லா. வரும் ஞாயிறு திருப்பலி (கோயில் பூசை) முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது மைக் முன்னால் வந்து நில். மாதக்கணக்கில் அதே மைக்கில் என் பெயரைச் சொல்லி நோயாளிகளுக்காக மன்றாடினாய். இப்போது எல்லோரும் கேட்கச் சொல். நான் திரும்பி வரமாட்டேன் என்று உனக்கு யார் சொன்னது? நாலு தெரு தள்ளி இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் அழித்தாய்? வீட்டுக்கு வந்து காதோடு சொல்வது வேண்டாம். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.