என் பெயரில் போன திருத்தம்

ஆலங்குடியில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்துதான் அப்போது வேலை பார்த்தேன். டிவிக்குள் சேனலைப் பிடித்துத் தரும் பாகத்துக்கு டியூனர் என்று பெயர். அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுவது என் வேலை. டிவியை அணைத்தால் டியூனருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மறுபடி போட்டால் மின்சாரம் கொடுத்து, அது நிதானத்துக்கு வரும்வரை சற்றுப் பொறுத்து, பிறகே சேனலைக் கேட்க வேண்டும். அவசரப்பட்டால் சில டிவிகளில் திரை கறுப்பாகவே நின்றுவிடும். எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

எங்கள் குழுவுக்குத் தலைமை என் நண்பன். குளத்தூர்க்காரன், கல்லூரி முழுக்க ஒரே அறையில் இருந்தோம். சென்னை ஆபீசில் இருந்தான். சுவிட்சைப் போட்டதும் படம் இன்னும் சீக்கிரம் வர வேண்டும் என்று மேலே அவனை நெருக்கினார்கள்.

"அந்த வெயிட்டிங்க எடுத்துருடா" என்று இரண்டு முறை கேட்டான்.

"எடுத்தா டியூனர் எந்திரிக்காதுடா" என்று மறுத்துவிட்டேன்.

அப்போதுதான் புயல் வந்தது. மாடியறையின் தகரக் கூரை பறந்துவிட்டது; தென்னைகள் கம்பிகளோடு சாய்ந்து கிடந்தன; பல நாள் கரண்ட் இல்லை. ஒரு கடை ஜெனரேட்டரில் செல்லுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தபோது நண்பன் கூப்பிட்டான்.

"நீ வீட்டப் பாருடா. ஒன் ஆபீஸ் பாஸ்வேர்ட மட்டும் சொல்லு, ஒன் வேலைய நான் அனுப்பிர்றேன்."

சொன்னேன். அதில் எங்கள் ஹாஸ்டல் அறை எண் இருந்தது, கேட்டுச் சிரித்தான்.

சில மாதம் கழித்து, திரை கறுப்பாக நிற்கிறது என்று புகார்கள் குவிந்தன. வீடியோ மீட்டிங்கில் மேனேஜர் என்னைக் கேட்டார். "உங்க பேர்லதானே மாத்தம் போயிருக்கு?"

அந்த நிரலைத் திறந்து பார்த்தேன். பொறுக்கும் வரியைக் காணோம். நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர்; தேதி, புயலுக்குப் பின் கரண்ட் இல்லாத நாட்களில் ஒன்று. நான் வாய் திறக்குமுன் நண்பன் பேசினான்.

"கவனமா செய்யின்னு அவன்ட்ட ரெண்டு தடவ சொன்னேன் சார்."

"அன்னைக்கு எங்க ஊர்லயே கரண்ட் இல்லைங்க சார்" என்றேன். "அப்ப யாரு அனுப்புனது?" என்றார் மேனேஜர்.

அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் மைக்கை அணைத்தான். அதன் பிறகே பாஸ்வேர்டு கொடுத்ததைச் சொன்னேன்.

விசாரித்ததில், சென்னையில் அவன் கம்ப்யூட்டரிலிருந்து போனது தெரிந்தது. அவனை வேறு குழுவுக்கு மாற்றினார்கள். எனக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது நியாயம்தான்.

மறுநாள் அவனே கூப்பிட்டான். "நீ புயல்ல மாட்டிக்கிட்டவன், ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்டா."

எங்கள் கூரை பறந்து கிடந்த நாட்கள் அவனுக்கு வசதியாக இருந்திருக்கின்றன. போனை வைத்துவிட்டேன். பொறுக்கும் வரியை மறுபடி சேர்த்து அனுப்பினேன், புகார்கள் நின்றன.

பொங்கலுக்கு என் மனைவி கேட்டாள்: "ஒங்க குளத்தூர் சிநேகிதரு ஏன் இப்ப இங்கிட்டு வாரதேயில்ல?"

"வேலை ஜாஸ்தியாம்" என்றேன்.