கவிழ்த்து வைத்த போன்

போன வாரம் ஒரு செல்போனை அப்டேட் செய்தேன். என்னுடையது இல்லை. கீழ் வீட்டு அந்தோணியுடையது.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். எங்கே எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் எனக்குக் கை பரபரக்கும். மிக்ஸி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் முடிந்து இப்போது செல்போனில் வந்து நிற்கிறேன். அதற்கு முந்தைய ஞாயிறு கூட அந்தோணியின் போனை வாங்கி, டவரைப் பார்த்துத் தானாகவே மணியைத் திருத்திக்கொள்ளும்படி செட் செய்து கொடுத்தேன். அவர் கேட்டாரா? இல்லை. நானாகச் செய்தேன்.

அந்தோணிக்குத் தூத்துக்குடிப் பக்கம். மனைவி ஸ்டெல்லாவுக்குக் கிருஷ்ணகிரி. ஓசூர் சிப்காட்டில் இருவருக்கும் வேலை, ஆனால் வேறு வேறு கம்பெனி. ஸ்டெல்லாவுக்கு முதல் ஷிப்ட். விடிவதற்குள் கிளம்பி மாலை நாலு மணிக்குத்தான் வருவார். அந்தோணிக்கு இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றே காலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் திரும்பும்போது ஸ்டெல்லா தூங்கியிருப்பார். அவர் எழும்போது இவர் தூக்கம். கல்யாணமாகி இரண்டு வருஷம்... வாரத்தில் ஆறு நாள் ஒருவரையொருவர் கண்ணை மூடிய நிலையில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் எப்படிக் குடும்பம் நடக்கிறது? டிராஃப்ட்டில் நடக்கிறது.

கேமரா போனைக் கம்பெனி கேட்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் வீட்டுக்கு ஒரே போன், அது சமையலறை ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கும். ஸ்டெல்லா கிளம்புமுன் தமிழில் ஒரு மெசேஜ் அடித்து, யாருக்கும் அனுப்பாமல் டிராஃப்ட்டில் சேமித்து வைப்பார். அந்தோணி எழுந்து படித்துவிட்டுப் பதில் எழுதி வைப்பார். ஃபேக்டரியில் ஒரு ஷிப்ட் முடிந்து போகிறவர், அடுத்த ஷிப்ட்காரருக்கு நோட்டில் குறிப்பு எழுதி வைப்பார் இல்லையா? அதே பழக்கம். "பால் வாங்கியாச்சு. மோட்டார்ல சத்தம் வருது, பாக்கவும்." "பாத்தாச்சு. டேங்க் ஃபுல்." புதிதாக எழுதியிருந்தால் போனைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அடையாளம்.

எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேச வசதி உள்ள நானும் என் மனைவியும் 'சாப்பாடு ரெடி', 'வரேன்' என்பதைத் தாண்டி என்ன பேசிவிட்டோம்?

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தோணி மாடிக்கு வந்தார். கையில் போன். முகம் சரியில்லை.

"சார், போன் ஹேங் ஆவுது. டிராஃப்ட் ஓப்பனே ஆவ மாட்டேங்கு."

"மறுபடியும் அமுக்கிப் பாருங்க தம்பி."

"எத்தனவாட்டி சார் அமுக்குறது. இன்னைக்குன்னு பாத்து..."

மெல்ல விஷயம் வந்தது. திங்கட்கிழமை அலாரம் அரை மணி நேரம் லேட்டாக அடித்திருக்கிறது. ஸ்டெல்லா பஸ்ஸை விட்டுவிட்டார். அலாரத்தை யார் மாற்றியது? நான் தொடவே இல்லை என்று டிராஃப்ட்டில் இவர். அப்போ ஃப்ரிட்ஜா மாத்துச்சு என்று அவர். அதிலிருந்து மூன்று நாளாக டிராஃப்ட் காலி. போன் நிமிர்ந்தே கிடந்திருக்கிறது.

"இன்னைக்குத்தான் சார் கவுத்து வச்சிருக்கா. என்ன எழுதியிருக்கான்னு தெரியணும். ஒண்ணும் எழுதாம நான் வேலைக்குப் போனேன்னா, வந்து பாத்து என்ன நெனைப்பா?"

நியாயமான கவலை. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் போதும் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தோன்றியது வேறு.

"சாஃப்ட்வேர் பழசு தம்பி. அப்டேட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஓடும்."

என் மனைவி சரளா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அந்தத் தம்பி கேக்கறது மெசேஜ படிக்கணும்னு..."

நான் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் கேபிளை மாட்டினேன். நம்ம ஊருக்கான அப்டேட் நகரவே இல்லை. வேறு ஏதோ நாட்டுக்கானது வேகமாக இறங்கியது. போன் ஒன்றுதானே, எந்த நாடாக இருந்தால் என்ன? பாதியில் கரன்ட் போனால் போன் செத்துவிடும் என்று எச்சரிக்கை வேறு வந்தது. கரன்ட் கட் நேரம் நெருங்க நெருங்க நாங்கள் இருவரும் டியூப்லைட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடிந்தது.

போன் ஜோராக ஓடியது. டிராஃப்ட் தொட்டவுடன் திறந்தது. ஸ்டெல்லாவின் மெசேஜ் பத்திரமாக இருந்தது. வரிசையாக ஏழெட்டு வரி... எல்லாம் கட்டம் கட்டமாக. டப்பா, டப்பா, டப்பா, முற்றுப்புள்ளி. மறுபடி டப்பா.

புது சாஃப்ட்வேருக்கு மலாய் தெரிந்தது, சீனம் தெரிந்தது. தமிழ் தெரியவில்லை.

அந்தோணி திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். அவர் டப்பாக்களை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "நெறைய எழுதியிருக்கா, சார்" என்றார்.

நல்லவேளை, கரன்ட் இன்னும் போகவில்லை. இன்டர்நெட்டில் தேடினேன். மெமரி கார்டில் தமிழ் எழுத்துருவைப் போட்டு, கார்டைச் சொருகினால் சரியாகும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். போட்டேன். இங்கிலீஷும் டப்பாவாகிவிட்டது. பதறிப்போய் கார்டை உருவினேன்.

மணி பன்னிரண்டே முக்கால். ராயக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற பஸ், சானமாவு காட்டு ரோட்டில் யானை நின்றால்தான் லேட்டாகும். அன்றைக்கு யானையும் கைவிட்டுவிட்டது.

"வேலியில போற ஓணான எடுத்து வேட்டியில விட்டுக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு" என்றபடி வந்த சரளா, டேபிளில் கிடந்த என் பழைய போனை எடுத்து நீட்டினாள். டார்ச் வைத்த கறுப்பு வெள்ளை போன். "என் தம்பி தமிழ்ல மெசேஜ் அனுப்பினா இதுல நல்லாத்தான தெரியுது? அந்த டப்பாவ இதுக்கு அனுப்பிப் பாருங்களேன்."

அனுப்பிப் பார்க்கலாமா? பரீட்சைக்காக முதலில் கைக்கு வந்த ஒரு பழைய டிராஃப்ட்டை அனுப்பச் சொன்னேன். என் போன் பீப் என்றது. அட்டகாசமான தமிழ்.

"தூக்கத்துல சிரிச்சீங்க. என்ன கனவு?"

அந்தோணியின் காது சிவந்தது. நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்து, இன்றைய மெசேஜ். தமிழில் கொஞ்சம் நீளமாக எழுதினால் துண்டு துண்டாகத்தான் போகும். முதல் துண்டு வந்தது. படித்த அந்தோணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போனை என்னிடம் நீட்டினார்.

"மூணு நாளா யோசிச்சேன். இப்படியே இருக்க முடியாது. நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்."

அவ்வளவுதான். மற்ற துண்டுகளைக் காணோம்.

ஓசூரை ஒட்டிய எங்கள் ஜூஜூவாடியில் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கர்நாடக எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் வீட்டில் ஹால் தமிழ்நாடு, சமையலறை கர்நாடகா. போனை வைத்துக்கொண்டு ஹாலைத் தாண்டினால் வேறு மாநில டவர் பிடித்துக்கொள்ளும். என்ன முடிவு என்று தெரியாமல் அந்தோணி வீடெல்லாம் நடந்ததில் மெசேஜ் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"மொட்டை மாடிக்கு வாங்க" என்றேன். மூன்று பேரும் ஓடினோம். தண்ணீர் டேங்க் பக்கத்தில், கிழக்கே பார்த்துப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றோம்.

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருவாளோ, சார்?"

நான் போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். சரளாதான், "அதெல்லாம் போவ மாட்டா, இருப்பா" என்றாள்.

பீப். இன்னொரு பீப்.

அந்தோணி படித்தார். மறுபடி படித்தார். சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். "ஒண்ணுமில்ல சார், வீட்டு விஷயம்." என் போனில் வந்த மெசேஜை எனக்கே காட்டமாட்டாரா? வாங்கிப் படித்தேன்.

"பாக்கி சண்டைய ஞாயித்துக்கெழமைக்கு வெச்சிக்கலாம். அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் முழிச்சிட்டு இருப்போம். ரசம் இருக்கு, சூடு பண்ணிக்கோங்க."

அடுத்தது:

"அலாரத்த நீங்க மாத்தல. கிச்சன்ல வெச்சா போன்ல மணி அரை மணி பின்னால போவுது. மாடி சார் ஏதோ பண்ணியிருக்கார். இனிமே அவர் கையில போனக் குடுக்காதீங்க."

ஆமாம். டவரைப் பார்த்து மணியைத் திருத்திக்கொள் என்று சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் பக்கத்து டவருக்கு மணி தப்பு. ஃப்ரிட்ஜ் மேல் இருந்த போன் ராத்திரி அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறது. மூன்று நாள் மௌனத்துக்குக் காரணம், மாடியிலிருந்து தினமும் அவர்களைப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்த அடியேன்.

மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், நல்லதுக்குத்தான பண்ணீங்க" என்றார் அந்தோணி. என் பழைய போனிலேயே நாலு வரி அடித்து டிராஃப்ட்டில் போட்டு, "இத ஃப்ரிட்ஜ் மேல கவுத்து வச்சிருங்க சார்" என்று சாவியையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினார். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். படிக்கவில்லை, நம்புங்கள்.

அந்தப் பழைய போன் இப்போது அவர்கள் வீட்டில்தான். டவரைப் பார்த்து மணியை மாற்றிக்கொள்கிற புத்தி அதற்குக் கிடையாது. டப்பா போன் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து, பத்து மணிக்குச் சண்டை ஆரம்பமானது. சரளா டிவி சத்தத்தைக் குறைத்தாள். பதினொன்றரைக்குக் குக்கர் விசில் கேட்டது. ஒரு மணிக்கு ஸ்டெல்லா கிண்ணத்தில் கறிக்குழம்போடு மேலே வந்தார்.

"சார், உங்க போன்ல அலாரம் கரெக்டா அடிக்குது. நாலரைன்னா நாலரை."

"சண்டை முடிஞ்சுதாம்மா?"

"எங்க சார்... பாதிதான் ஆச்சு. அவருக்குத் தூக்கம் வந்துடுச்சு. மீதி அடுத்த வாரம்."

நேற்று அந்த டப்பா போன் தானாகவே கேட்டது: புதிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போதா, பிறகா? சரளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பிறகு' என்பதை அமுக்கினேன்.

சண்டையே ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கும்போது, அப்டேட்டுக்கு என்ன அவசரம்?