பேத்திக்கு நான் மாட்டிய தொப்பி

நான் தாத்தாவாகிப் பதினொரு நாள் ஆகிறது. இன்னும் கால் தரையில் பாவவில்லை. எழுதுவது முன்னே பின்னே இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

சொல்ல வந்தது என் மகனைப் பற்றி. பஸ் கண்டக்டர். கொஞ்சம் விடைத்த காது, அவ்வளவுதான். அவனுக்கோ அது ஊரே பார்த்துச் சிரிக்கிற காது. பத்து வருஷமாகக் கம்பளித் தொப்பி. கொளுத்துகிற வெயிலிலும் தொப்பி, கல்யாணப் போட்டோவிலும் தொப்பி!

"அப்பா, காது ரொம்பப் பெரிசா இருக்கா?"

"இல்லடா ராசா."

இப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவை. போன வருஷம் வேலைக்கே போகாமல் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டான்.

பேசியே குணப்படுத்துகிற டாக்டரம்மா ஒருவரிடம் மருமகள் அவனை இழுத்துப் போனாள். நானும் போனேன்.

"பேசினா காது சுருங்குமாம்மா?" என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். "காது அப்படியேதான் இருக்கும். பயம்தான் குறையும். அவர் காதைப் பத்திக் கேட்டா, 'அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்'னு சொல்லிடுங்க. நீங்க சமாதானம் சொல்லச் சொல்லத்தான் அவர் திரும்பத் திரும்பக் கேக்கறார்."

நானாவது வாயைக் கட்டுவதாவது! ஆனாலும் அவன் கேட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னேன். அவனும் வாராவாரம் டாக்டரம்மாவிடம் போய்ப் பேசினான். ஒரு வாரம், தொப்பியில்லாமல் பஸ்ஸில் ஏறி, எத்தனை பேர் காதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிவரச் சொன்னார் அந்தம்மா.

சாயங்காலம் குதித்துக்கொண்டு வந்தான். "முந்நூறு பேர்ல மூணு பேருப்பா! அதுலயும் ஒருத்தர், காதுல சொருகியிருக்கற பேனாவைக் கேட்டார்!"

அதிலிருந்து தொப்பி ஆணியில் தொங்கியது.

பேத்தி பிறந்தாள். நர்ஸ் என் கையில் கொடுத்தார். பார்த்தேன். அப்பன் காது! அச்சு அசல்! எனக்குத் திக்கென்றது. 'என்னாலதான் இவளுக்கும்' என்று பையன் மறுபடி முடங்கிவிட்டால்? மருமகள் அசந்து தூங்கினாள். வராந்தாவில் அவன் குரல் கேட்டது. வாங்கி வைத்திருந்த குட்டித் தொப்பியை எடுத்துக் காது மூட இழுத்துவிட்டேன்.

"எதுக்குப்பா தொப்பி? வேர்க்குது பாருங்க."

"குளிரும்டா!"

"இந்த வெயில்லயா?"

கழற்றிவிட்டான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அடி கள்ளி! எங்கிட்டருந்து தூக்கிட்டு வந்துட்டியா!" இரண்டு காதிலும் முத்தம் வைத்தான். "போட்டோ எடுங்கப்பா. நாலு காதும் தெரியணும்."

எடுத்தேன். மனசு கேட்கவில்லை. "ஏண்டா, பாப்பா காது ஒண்ணும் பெரிசில்லையே?"

"அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன்பா!"

இன்றோடு பத்துத் தடவை கேட்டுவிட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறான், படவா!