பத்தாவது ஆளுக்காகக் காத்திருந்தோம்

சூரிச்சில் நான் முதுகலை படித்த இரண்டாவது ஆண்டு, நவம்பர் மாதம். அந்த மாதத்தில் அங்கே வெயில் வேண்டுமென்றால் மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். கீழே நகரம் முழுக்க மூடுபனி. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடம் இருக்காது. மதியம் வாக்கில் மெல்லத் திரும்பி வரும்.

நகரத்தின் ஓர்லிகோன் பகுதியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் வீட்டில் நானும் இன்னொரு மாணவியும் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். அக்காவுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் சமையலறை வேலை. என் அறைத்தோழிக்கு மும்பைக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். வீட்டில் மராத்தி. நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் மேசையில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிவைத்து, கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டு நிற்பாள். கிறிஸ்தவப் பெண் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, தான் யூதப் பெண் என்றாள். எந்தக் காலத்திலோ கப்பல் உடைந்து கொங்கண் கரையில் ஒதுங்கியவர்களின் வம்சமாம். செக்கு ஆட்டிப் பிழைத்தார்களாம். சனிக்கிழமை மட்டும் அவர்கள் செக்கு ஓடாது என்பதால் ஊரில் அவர்களுக்குச் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்கள்’ என்றே பெயராம். கதை கேட்பது போல வாயைத் திறந்துகொண்டு கேட்டேன்.

அந்த நவம்பரில் அவளுடைய அப்பா இறந்துபோனார். காலையில் நெஞ்சுவலி, சாயங்காலத்துக்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் தாமதிக்கமாட்டார்கள். இங்கே தங்குவதற்கான இவளுடைய பெர்மிட் அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்ப வருவது சிக்கல். அம்மாவே போனில், இனி வந்து என்ன செய்யப்போகிறாய், இருந்து படி என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

நான்கைந்து நாட்கள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லவேண்டிய ஒரு பிரார்த்தனை இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்லக்கூடாது, பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில்தான் சொல்லவேண்டும் என்று எனக்கு விளக்கினாள். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையாம், கடவுளைப் புகழ்வது மட்டும்தானாம். நகரத்தில் இருந்த பெரிய ஜெப ஆலயம் ஒன்றுக்குப் போய் வந்தாள். அன்பாகத்தான் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் பெண்கள் மாடியில் அமர வேண்டும், பத்து என்பது ஆண்களின் கணக்கு. அவள் ஊரிலும் அப்படித்தான். ஒரு பெரியவர் தானே அவளுடைய அப்பாவுக்காகப் பதினொரு மாதமும் அதைச் சொல்வதாக ஒப்புக்கொண்டாராம். நன்றி சொல்லிவிட்டு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நானே சொல்லணும் என்று ஒருமுறை சொன்னாள். யாரிடமும் கேட்கிற மாதிரி இல்லை.

அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“என்னவாம் பிள்ளை அவளுக்கு?”

சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எங்கடை அப்பா செத்த நேரம் எனக்கு இஞ்சை அகதிக் கேஸ் முடியேல்லை. போகேலாமல் போச்சு. நான் வேலை செய்யிற இடத்திலை ஒரு யூத அம்மா இருக்கிறா. அவவிட்டைக் கேட்டுப் பாக்கிறன்.”

மறுநாளே கேட்டுவந்தார். ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். அங்கே சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை வாடகை அறையில் கூடுகிறார்களாம். ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் உட்காருவார்களாம். “ஆனா ஆக்கள் குறைவாம். சில மாதம் பத்துப் பேர் சேராதாம்” என்றார். அந்த மூதாட்டி தந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினோம். பாதுகாப்புச் சோதனைக்குப் பாஸ்போர்ட் எடுத்து வாருங்கள், தோழியையும் கூட்டிவரலாம் என்று பதில் வந்தது.

சனிக்கிழமை ரயிலேறுவது அவள் வீட்டில் இல்லாத வழக்கம். அப்பா பொறுத்துக்கொள்வார் என்றாள். வழியெல்லாம் ஜன்னலில் வெள்ளை மட்டும்தான். சில இடங்களில் ஒரு மரத்தின் பாதி, ஒரு மாடு, ஒரு தேவாலயத்தின் கூம்பு மட்டும் மிதந்து வந்து மறைந்தன. ரயில் ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கேயோ எங்களை யாரோ மெல்ல நகர்த்திக்கொண்டு போவது போல இருந்தது. அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மனப்பாடம் பார்க்கிறாள் என்று புரிந்து நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

அந்த ஊரில் இறங்கியபோது ஆற்றின் சத்தம் கேட்டது, ஆறு தெரியவில்லை. அந்த வாடகை அறை இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இசைப்பள்ளி. யாரோ ஒரு பிள்ளை பியானோவில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துத் தப்பு விட்டுக்கொண்டிருந்தது. கம்பளித்தொப்பி போட்ட ஒருவர் கதவருகே நின்றிருந்தார். பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார். உங்களில் யூதர் யார் என்று கேட்டார். இந்தியாவில் யூதர்களா என்று அவருக்கு ஆச்சரியம். அவள் வாதாடவில்லை. யூதர்கள் தினமும் சொல்லும், “கேள் இஸ்ரவேலே” என்று தொடங்கும் வரியை எபிரேயத்தில் சொன்னாள். ராகம் கொங்கண் ராகமாக இருந்திருக்க வேண்டும். அவர் தலை சாய்த்துக் கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

மேலே சின்ன அறை. மர நாற்காலிகள், ஓர் அலமாரி, நீராவி படிந்த ஜன்னல்கள். பெரும்பாலும் வயதானவர்கள். நரைத்த தலைமுடியை இறுக்கிக் கட்டிய ஓர் அம்மா முன்னால் நின்றார். அவர்தான் வழிபாட்டை நடத்துபவர். என் பக்கத்தில் வந்து, நீங்கள் எண்ணிக்கையில் வரமாட்டீர்கள், ஆனால் நாற்காலி உண்டு என்று சிரித்தபடி ஒரு புத்தகம் தந்தார். நான் அதைப் பின்பக்கமிருந்து திறந்தேன். எபிரேயம் வலமிருந்து இடமாகப் போவதால் அதுதான் அவர்களுக்கு முன்பக்கம்.

நாங்கள் இருவரும் கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தோம். அவள் கோட்டைக் கழற்றவில்லை. வந்திருந்த ஆண்களை எண்ணிவிட்டு, நான்கு பேர்தான் என்று என் காதில் சொன்னாள். தொப்பிக்காரரும் மேலே வந்து உட்கார்ந்தார். ஐந்து. பிறகு யாரும் வரவில்லை. ஆனால் தொடங்கவும் இல்லை. எல்லோரும் அமைதியாகக் காத்திருந்தார்கள். கீழே பியானோ நின்று மறுபடி தொடங்கியது. பனியில் ரயில் தாமதமாகியிருக்கும், ஆட்கள் வருவார்கள் என்று நான் அவளைத் தேற்றினேன். படிக்கட்டில் காலடி கேட்கிறதா என்று இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த அம்மா நடந்து எங்கள் வரிசைக்கு வந்தார். முன்னால் வந்து உட்காருகிறாயா என்று அவளிடம் கேட்டார். பத்துப் பேர் வரட்டும், அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள் இவள்.

அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனது. பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார். “இனி யாரும் வரவேண்டியதில்லை, மகளே. இங்கே பெண்களும் கணக்கில் உண்டு. பத்தாவது ஆள் நீதான். நீ கோட்டைக் கழற்றுவதற்குத்தான் காத்திருக்கிறோம்.”

அவள் திரும்பித் தன் முதுகுப்பக்கம் பார்த்தாள். வேறு யாரிடமோ சொல்கிறார் என்று நினைத்தவள் போல. அங்கே சுவர்தான் இருந்தது.

போன மாதம் ஒன்பது பேர்தான் வந்தார்களாம். முன்வரிசையில் இருந்த மெலிந்த முதியவர் ஒருவர், மனைவி இறந்து அதிக நாள் ஆகாதவர், அன்று அந்தப் பிரார்த்தனையைச் சொல்ல முடியாமல் வீடு திரும்பியிருக்கிறார். இன்று நீ வந்துவிட்டாய் என்றார் அந்த அம்மா. என் தோழி கோட்டைக் கழற்றினாள். பொத்தான்களைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று.

வழிபாட்டின் கடைசியில் அவளுடைய அப்பாவின் பெயரைக் கேட்டார்கள். சொன்னாள். சரியாகச் சொல்லவேண்டும் என்பதற்காக அந்த அம்மா இருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு முதியவரும் இவளும் எழுந்து நின்றார்கள். முதல் வரியிலேயே இவள் குரல் உடைந்தது. முதியவர் நிறுத்தினார், அவளுக்காகக் காத்திருந்தார், பிறகு இரண்டு குரல்களும் சேர்ந்து நடந்தன. அவருடைய ராகம் ஒன்று, இவளுடையது ஒன்று. இடையிடையே அறை முழுக்க ‘ஆமென்’ என்றது. கீழே பியானோப் பிள்ளை ஒருவழியாகத் தப்பில்லாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு எங்கள் ஊர் தென்காசி ஞாபகம் வந்தது. நான் கல்லூரியில் படிக்கும்போது என் அப்பா போனார். நான் ஒரே பிள்ளை. பெரியப்பா மகன் கொள்ளிச்சட்டி தூக்கினான். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான். அங்கேயே நின்றுகொண்டேன். நிற்கச் சொன்னது யார் என்று யோசித்தால் ஒரு முகமும் நினைவில் இல்லை. அப்படித்தான் என்று எனக்கே தெரிந்திருந்தது.

எல்லாம் முடிந்ததும் முதியவர் என் தோழியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். நீ வராவிட்டால் இன்றும் என்னால் முடிந்திருக்காது என்றாராம். நன்றி வாங்க வந்தவள் இல்லை அவள். அவர் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

படிப்பு முடியும்வரை ஒரு மாதமும் தவறாமல் போனாள். சில மாதங்களில் நானும் போனேன், எண்ணிக்கையில் வராத நாற்காலிக்கு.

அந்த முதல் சனிக்கிழமை சூரிச் திரும்பும் ரயிலிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். அடுத்த திவசத்துக்கு வருகிறேன், எள்ளும் தண்ணீரும் நான் இறைக்கிறேன் என்றேன்.

“அன்னைக்கு நீயும் கேக்கல, நானும் கேக்கல” என்றார் அம்மா. “கேட்டிருந்தா யாரு வேண்டாம்னு சொல்லியிருப்பான்னு இப்ப யோசிச்சா ஒருத்தரும் தெரியல. வா.”

போனேன். புரோகிதர் ஒரு நிமிடம் தயங்கிவிட்டுத் தர்ப்பையை என் பக்கம் நீட்டினார். எனக்குப் பழக்கமில்லாததால் தண்ணீர் கையிலிருந்து முழங்கை வரை வழிந்தது.

நமக்கு இடமில்லை என்று நாமே முடிவுகட்டி ஒதுங்கி நிற்கும் இடங்களில், சில சமயம் உள்ளே இருப்பவர்கள் நம்மை எண்ணி முடித்துவிட்டு, வேலையைத் தொடங்காமல் நமக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அந்த மூடுபனிக் காலையில்தான் நான் தெரிந்துகொண்டேன்.